கீழாநெல்லியும் நான் சொன்ன பொய்யும்

இந்த ஐப்பசி மழைக்கு எங்கள் வீட்டுப் பின்பக்கம், துணி துவைக்கிற கல்லைச் சுற்றிக் கீழாநெல்லி நன்றாக முளைத்திருக்கிறது. யாரும் விதைக்கவில்லை. மழை பெய்தால் அதுவாக வரும், வெயில் வந்தால் அதுவாகப் போகும். இலையைத் திருப்பிப் பார்த்தால் காம்பின் அடியில் கடுகைவிடச் சற்றுப் பெரிய பச்சைக் காய்கள் வரிசையாக இருக்கும். அதனால்தான் அந்தப் பெயர். எங்கள் பக்கத்தில் தெலுங்கு பேசுகிறவர்கள் நேல உசிரி என்பார்கள்.

"களையெல்லாம் பிடுங்கிப் போடறேன் சார், இத மட்டும் விட்டுடட்டுமா?" என்று வேலைக்கு வந்த அம்மா கேட்டார். விட்டுவிடச் சொன்னேன். அந்தச் செடியோடு எனக்கு இரண்டு கணக்கு இருக்கிறது. ஒன்று நல்ல கணக்கு. இன்னொன்றை இதுவரை யாருக்கும் முழுதாகச் சொன்னதில்லை. எனக்கு 72 வயது முடிந்துவிட்டது. இனிமேல் மறைத்து வைத்து என்ன செய்யப் போகிறேன்?

முதலில் நல்ல கணக்கு.

1966-ம் வருஷம். எனக்கு 14 வயது. அப்போதெல்லாம் ஆடிக் கிருத்திகை என்றால் திருத்தணிப் பையன்களுக்குப் பள்ளிக்கூடமாவது பாடமாவது. புஷ்பக் காவடிகள் வரிசையாக வரும். சரவணப் பொய்கைப் பக்கம் கால் வைக்க இடம் இருக்காது. 365 படியையும் ஒரே நாளில் மூன்று தடவை ஏறி இறங்குவோம். பந்தயம்! பசித்தால் யாராவது கொடுக்கும் புளியோதரை, தாகம் எடுத்தால் எங்கே பானை கண்ணில் பட்டாலும் அந்தத் தண்ணீர். அந்தத் திருவிழா முடிந்து ஒரு மாதம் இருக்கும், சோற்றைப் பார்த்தாலே குமட்டியது. காய்ச்சல். பிறகு சிறுநீர் டீத்தண்ணி நிறத்துக்கு வந்தது. அம்மா என்னைத் திண்ணை வெளிச்சத்துக்கு இழுத்து வந்து, கண் இமையைக் கீழே இழுத்துப் பார்த்துவிட்டு, "காமாலைடா" என்றாள்.

எங்கள் ஊர் எல்லையில் இருக்கிற ஊர். 1960 ஏப்ரல் 1-ம் தேதி வரைக்கும் நாங்கள் ஆந்திராவின் சித்தூர் மாவட்டம். படாஸ்கர் தீர்ப்பின்படி அன்றைக்குத்தான் சென்னை ராஜ்ஜியத்தில் சேர்ந்தோம். ம.பொ.சி. நடத்திய எல்லைப் போராட்டத்தைப் பற்றி வேறொரு நாள் எழுதுகிறேன். எல்லை மாறினாலும் வைத்தியம் மாறவில்லை. எலும்பு முறிந்தால் ரயில் ஏறிப் புத்தூருக்குத்தான் போவோம். பொன்பாடி, வாயில் நுழையாத வெங்கடநரசிம்மராஜுவாரிபேட்டை, நகரி, ஏகாம்பரகுப்பம், வேப்பகுண்டா தாண்டினால் புத்தூர். என் மணிக்கட்டையே அங்கேதான் கட்டினார்கள். பச்சிலை விழுது, முட்டையின் வெள்ளைக்கரு, மூங்கில் பத்தை, மேலே துணி. கட்டு நன்றாகவே சேர்ந்தது. இன்றைக்கும் சென்னையிலிருந்து அங்கே ஆட்கள் போகிறார்கள். ஒரு வித்தியாசம், இப்போது பலர் கையில் எக்ஸ்ரே எடுத்துக்கொண்டு போகிறார்கள். அதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு வருகிறேன்.

காமாலைக்கு அப்போது எங்களுக்கு நாலைந்து வழி இருந்தது. ஒரு கிராமத்தில் மூக்கில் சொட்டு விடுவார்கள், நாள் முழுக்க மூக்கிலிருந்து மஞ்சளாக ஒழுகும். இன்னொரு இடத்தில் மணிக்கட்டுக்கு மேலே சூடு போடுவார்கள். என் வகுப்புப் பையன் ஒருவனுக்கு அந்தத் தழும்பு கடைசி வரைக்கும் இருந்தது. இன்னொருவர் சுண்ணாம்புத் தண்ணீரில் கையை வைத்துத் தேய்த்துக் காமாலையை 'இறக்குவார்'. தண்ணீர் மஞ்சளாகிவிடும். எனக்குத் துணையாக வந்த, ஒரு நோயும் இல்லாத என் சிநேகிதன் விளையாட்டுக்குக் கையை நீட்டினான். அவனுக்கும் மஞ்சளாக இறங்கியது! அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே. அம்மாவுக்கு அதோடு அந்த நம்பிக்கை போயிற்று.

பக்கத்து வீட்டில் ஒரு தெலுங்குப் பாட்டி. தெருவுக்கே அவ்வா. அவர்தான், "பசிரிகலு வச்சிந்தா பையனுக்கு? நேல உசிரி அரைச்சுக் குடு, சூடு கீடு வேணாம்" என்றார். என் தங்கைக்கு அப்போது 8 வயது. காலையில் பல் தேய்த்ததும் அவள் நந்தி ஆற்றுப் பக்கம் ஓடுவாள். வேரோடு ஒரு கைப்பிடி பிடுங்கி வருவாள். சிவப்புத் தண்டு இருந்தால் அவ்வா தூக்கிப் போட்டுவிடுவார். அது செங்கீழாநெல்லியாம், வேறு. மண் போகக் கழுவி, அம்மியில் மைய அரைத்து, சின்ன எலுமிச்சம்பழம் அளவு எடுத்து மோரில் கலக்கி வெறும் வயிற்றில். கசப்பு என்றால் அப்படி ஒரு கசப்பு. ஏழு நாள் குடித்தேன். நாற்பது நாள் பத்தியம். உப்பில்லை, எண்ணெய் இல்லை, காரம் இல்லை. மோர்சாதம், மறுபடியும் மோர்சாதம். மூன்று வாரத்தில் கண் வெளுத்தது. பசி வந்தது. யாருக்குப் பெயர்? கீழாநெல்லிக்கு. அதில் எனக்கு 30 வருஷம் சந்தேகமே வரவில்லை.

தபால் இலாகாவில் வேலை பார்த்த காலத்தில் கவுண்டருக்கு வந்து யார் காமாலை என்றாலும் மணியார்டர் பாரத்தின் பின்பக்கத்திலேயே பக்குவம் எழுதிக் கொடுத்துவிடுவேன். பலருக்குக் குணமாகியது. வந்து சொல்லிவிட்டுப் போவார்கள். குணமாகாதவர்கள் வந்து சொல்வதில்லை. இது அப்போது எனக்குத் தோன்றவில்லை.

இதற்கு நடுவில் இன்னொன்றும் நடந்தது. 1988-ல் சென்னைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டாக்டர் எஸ்.பி. தியாகராஜனும் அவரோடு இருந்தவர்களும் கீழாநெல்லியை வைத்து ஆராய்ச்சி செய்து, லண்டனில் வெளிவரும் 'லான்செட்' மருத்துவப் பத்திரிகையில் கட்டுரை போட்டார்கள். அதில் அமெரிக்காவின் பரூக் பிளம்பர்க் பெயரும் இருந்தது. ஹெபடைடிஸ் பி கிருமி சம்பந்தமான கண்டுபிடிப்புக்காக 1976-ல் நோபல் பரிசு பெற்றவர். ரத்தத்தில் அந்த பி கிருமியைச் சுமந்துகொண்டிருந்த 37 பேருக்கு 30 நாள் கீழாநெல்லிப் பொடி கொடுத்ததில் 22 பேருக்கு அதன் அடையாளம் ரத்தத்தில் இல்லாமல் போனது. வெறும் மாத்திரை சாப்பிட்ட 23 பேரில் ஒருவருக்குத்தான் அப்படி ஆனது. இந்தச் செய்தி தமிழில் வந்ததும் கத்தரித்து வைத்துக்கொண்டேன். நந்தி ஆற்றங்கரைச் செடிக்கு நோபல் பரிசுக்காரர் கையெழுத்துப் போட்டுவிட்டார் என்று ஒரே பெருமை.

அந்த ஆராய்ச்சி எதைப் பற்றியது என்று நான் சரியாகப் படிக்கவில்லை. அது பி கிருமி உடம்பில் தங்கிவிட்டவர்களைப் பற்றியது. கண் மஞ்சளான எல்லாரையும் பற்றியது அல்ல. பிற்பாடு தாய்லாந்து போன்ற வேறு இடங்களில் செய்து பார்த்தபோது அதே மாதிரி பலன் கிடைக்கவில்லை. அதெல்லாம் எனக்குத் தெரியவந்தது ரொம்பத் தாமதமாக. கத்தரித்து வைத்த தாளில் அந்தப் பின்கதை எப்படி இருக்கும்?

இனி இரண்டாவது கணக்கு.

1996, ஆனி மாதம். என் தங்கையைப் பொதட்டூர்ப்பேட்டையில் கொடுத்திருந்தோம். மாப்பிள்ளை தறிக்காரர். நாலு பவர்லூம் சொந்தமாக ஓட்டினார். 47 வயது, சிரித்த முகம், ஒரு தலைவலி மாத்திரைகூட விழுங்க மாட்டார். ஒரு ஞாயிற்றுக்கிழமை இருவரும் வந்தார்கள். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே கண்ணைப் பார்த்துவிட்டேன்.

"என்ன மாப்ளே, கண்ணு மஞ்சளா இருக்கு?"

"ஆமா மச்சான். உடம்பெல்லாம் ஒரே அரிப்பு. ராத்திரி தூக்கமே இல்ல. வலி கிலி ஒண்ணும் கிடையாது."

தங்கை, "ஆஸ்பத்திரிக்குப் போலாம்னு சொன்னேன், கேக்கல. அண்ணனைப் பார்த்துட்டு முடிவு பண்ணலாம்னு வந்துட்டார்" என்றாள்.

அண்ணன் முடிவு பண்ணினேன். உள்ளே போய் அந்தக் கத்தரித்த செய்தியை எடுத்து வந்து காட்டினேன். "நோபல் பரிசு வாங்கினவரே ஒத்துக்கிட்டார் மாப்ளே. எதுக்கு ஊசி போட்டுக் காசைக் கரைக்கணும்? ஒரு மண்டலம் கீழாநெல்லி குடிங்க. பத்தியம் மட்டும் தப்பக் கூடாது." அவருக்கு அதுதான் வேண்டியிருந்தது. தங்கைக்கும் சமாதானம். 14 வயதில் எனக்குச் செடி பிடுங்கி வந்தவள்தானே. அவளே மறுபடி பிடுங்கினாள், அவளே அரைத்தாள்.

இரண்டு வாரம் கழித்துப் போய்ப் பார்த்தேன். மஞ்சள் குறையவில்லை. கொஞ்சம் கூடியிருந்த மாதிரிகூடத் தெரிந்தது. "உள்ள இருக்கறது வெளிய வருது" என்றேன். ஆள் இளைத்திருந்தார். உப்பில்லாமல் எண்ணெயில்லாமல் சாப்பிட்டால் இளைக்காமல் என்ன செய்யும்? மலம் வெளுப்பாக, களிமண் நிறத்தில் போகிறது என்று தங்கை தனியாகக் கூப்பிட்டுச் சொன்னாள். வெறும் மோர்சாதம் சாப்பிடுகிறார், அதனால்தான் என்றேன். அரிப்புக்கு உடம்புச் சூடு என்றேன். நான்காவது வாரம் சட்டை தோளில் நிற்கவில்லை. பத்தியம் முடிந்ததும் தேறிவிடும் என்றேன். ஒவ்வொன்றுக்கும் என்னிடம் ஒரு பதில் இருந்தது. இப்போது நினைத்தால் அதுதான் எனக்குத் திகிலாக இருக்கிறது. எனக்குத் தெரியவில்லை என்று ஒரு தடவைகூட நான் சொல்லவில்லை.

ஆறு வாரம் முடிந்து, 43-வது நாள், தறிக்கூடத்தில் மயங்கி விழுந்துவிட்டார். ஆள் அனுப்பினார்கள். காரைப் பேசிக்கொண்டு ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம்.

அங்கே இருந்த டாக்டருக்கு வயது குறைவு, பொறுமை அதிகம். கண்ணைப் பார்த்தார், வயிற்றை அழுத்திப் பார்த்தார், சொறிந்து சொறிந்து புண்ணாகியிருந்த கைகளைப் பார்த்தார். பிறகு என்னை நிமிர்ந்து பார்த்து, "மஞ்சள் வந்து எத்தனை நாளாச்சு?" என்றார்.

"மூணு வாரம் இருக்கும் சார்" என்றேன்.

"நாட்டு மருந்து ஏதாவது?"

"இல்ல சார்."

ஏன் அப்படிச் சொன்னேன்? திட்டுவாரோ என்ற பயம். இத்தனை பேர் நிற்கிற வராந்தாவில், பேண்ட் சட்டை போட்ட சர்க்கார் உத்தியோகஸ்தன், பச்சிலை கொடுத்து ஆறு வாரம் உட்கார்ந்திருந்தேன் என்று சொல்ல வெட்கம். வாயிலிருந்து வந்துவிட்டது. தங்கை என் பக்கத்தில்தான் நின்றாள். திரும்பி என்னைப் பார்த்தாள். ஒன்றும் பேசவில்லை. மாப்பிள்ளை ஸ்ட்ரெச்சரில் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். கேட்டிருப்பார்.

ஸ்கேனில் கணையத்தின் தலைப்பக்கம் கட்டி. அது பித்தக் குழாயை நெரித்துவிட்டது. பித்தம் குடலுக்குள் இறங்க வழியில்லாமல் ரத்தத்தில் ஏறியிருக்கிறது. கட்டியை எடுக்கிற நிலையில் இல்லை, பித்தம் இறங்க வேறு வழி செய்துவிடுகிறோம், அரிப்பும் மஞ்சளும் குறையும் என்றார்கள். அப்படியே குறைந்தது. அந்த அரிப்பு நின்ற ராத்திரி மாப்பிள்ளை பொழுது விடியும் வரை தூங்கினார். இரண்டு மாதத்துக்குப் பிறகு கிடைத்த தூக்கம்.

டிஸ்சார்ஜ் ஆகிற அன்று தங்கை அந்த டாக்டரிடம் போய், "முன்னாடியே கூட்டிட்டு வந்திருந்தா காப்பாத்தியிருக்கலாமா சார்?" என்று கேட்டாள். நான் கொஞ்சம் தள்ளி, சீட்டுகளை அடுக்கிக்கொண்டு நின்றேன். டாக்டர் கேஸ் தாளைப் பார்த்தார். "மூணு வாரம்தானேம்மா ஆகியிருக்கு. அதுல பெருசா ஒண்ணும் மாறியிருக்காது. இந்த நோயே அப்படி, வெளிய தெரியறப்பவே முத்தியிருக்கும். நீங்க மனசைப் போட்டு உழட்டிக்காதீங்க" என்றார்.

அவர் நல்ல மனசோடு சொன்னது. ஆனால் அந்த ஆறுதலை என் பொய்யின் மேல் நின்றுகொண்டு சொன்னார். ஆறு வாரம் என்று தெரிந்திருந்தால் என்ன சொல்லியிருப்பார்? அதையேதான் சொல்லியிருப்பாரோ என்னவோ. இந்த வகைக் கட்டியில் ஆரம்பத்தில் வந்தவர்களும் பலர் தப்புவதில்லை என்று பிறகு படித்திருக்கிறேன். ஆனால் அதைச் சொல்ல வேண்டியவர் அவர். அதற்கு வேண்டிய கணக்கை நான் அவருக்குக் கொடுக்கவில்லை. மாப்பிள்ளை அடுத்த வருஷம் மாசி மாதம் போய்விட்டார்.

அதற்குப் பிறகுதான் காமாலை என்றால் என்ன என்று தேடித் தேடித் தெரிந்துகொண்டேன். உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும், ஆனாலும் என் வயதுக்காரர்களுக்காக எழுதுகிறேன். காமாலை என்பது ஒரு நோயின் பெயரே இல்லை, இருமல் மாதிரி ஓர் அறிகுறி. நம் ரத்தத்தின் சிவப்பணுக்கள் சுமார் 120 நாள் இருந்துவிட்டு அழியும். அழியும்போது பிலிருபின் என்கிற மஞ்சள் சாயம் மிஞ்சும். ஈரல் அதைப் பித்தத்தோடு சேர்த்துக் குடலுக்கு அனுப்பும். மலத்துக்கு நிறம் வருவதே அதனால்தான். அணுக்கள் அளவுக்கு மேல் அழிந்தாலும் மஞ்சள் ஏறும். ஈரலுக்குக் கிருமியாலோ குடியாலோ மருந்தாலோ கெடுதல் வந்தாலும் ஏறும். ஈரல் நன்றாக இருந்து, பித்தக் குழாயில் கல்லோ கட்டியோ அடைத்தாலும் ஏறும். அடைப்பு என்றால் மலம் வெளுக்கும், சிறுநீர் கறுக்கும், அரிப்பெடுக்கும். மாப்பிள்ளைக்கு இருந்த மூன்றும் இவைதான். மூன்றையும் தங்கை என்னிடம் சொன்னாள். நான் மோர்சாதத்தின் மேல் பழியைப் போட்டேன்.

அடைத்திருப்பது கல்லாக இருந்தால் எண்டோஸ்கோப் குழாயை வாய் வழியாக விட்டே எடுத்துவிடுகிறார்கள். கட்டியாக இருந்தால் நாள் கணக்குதான் முக்கியம். வயது நாற்பது தாண்டியவருக்கு வலியே இல்லாமல் மஞ்சள் வந்தால் அதை லேசாக விடக் கூடாது. வலி இல்லை என்று நாங்கள் சந்தோஷப்பட்டோம்.

எனக்கு 1966-ல் வந்தது தண்ணீரால் வருகிற ஹெபடைடிஸ் ஏ-யாகத்தான் இருந்திருக்க வேண்டும். அது பெரும்பாலானவர்களுக்குச் சில வாரங்களில் தானாக இறங்கிவிடும். கீழாநெல்லி குடித்தாலும் இறங்கும், குடிக்காவிட்டாலும் இறங்கும். அவ்வாவின் கைப்பக்குவத்தைக் குறைத்துச் சொல்லவில்லை. மூக்கில் சொட்டு, மணிக்கட்டில் சூடு இரண்டிலிருந்தும் அவர் என்னைக் காப்பாற்றினார், அதுவே பெரிய வைத்தியம். ஓய்வெடுத்தேன், கண்டதைத் தின்னாமல் இருந்தேன். ஆனால் என் உடம்பில் பார்த்த ஒரு காமாலையை வைத்து எல்லாக் காமாலைக்கும் நான் சீட்டு எழுதினேன்.

இதற்காகச் சித்த வைத்தியத்தையே திட்டுகிறவன் நான் இல்லை. 2012-ல் டெங்கு பரவியபோது சர்க்காரே நிலவேம்புக் குடிநீர் கொடுத்தது. நிலவேம்பு, வெட்டிவேர், விலாமிச்சை, சந்தனம், பேய்ப்புடல், கோரைக்கிழங்கு, சுக்கு, மிளகு, பற்படாகம் என்று ஒன்பது சரக்கு. 2020-ல் கபசுரக் குடிநீர். வரிசையில் நின்று இரண்டையும் குடித்தவன்தான் நான். ஆனால் காய்ச்சல் வந்தால் தட்டணு எண்ணிக்கை பார்ப்பதை அதற்காக யாரும் நிறுத்தவில்லை. கல்லூரியில் படித்துப் பட்டம் வாங்கிய ஒரு சித்த டாக்டரிடம் என் கதையில் பாதியை (பாதியைத்தான்) சொல்லிக் கேட்டேன். "எங்க நூல்களிலேயும் காமாலையில பல வகை பிரிச்சிருக்கு சார். எது சாத்தியம், எது அசாத்தியம்னு இருக்கு. நானும் முதல்ல ரத்தம் பார்க்கத்தான் சொல்வேன், தேவைப்பட்டா ஸ்கேனும்" என்றார். புத்தூருக்கு எக்ஸ்ரே எடுத்துக்கொண்டு போகிற மாதிரிதான். கட்டுகிறவர் கையில் பச்சிலையே இருக்கட்டும், உள்ளே எது உடைந்திருக்கிறது என்று முதலில் பார்க்க வேண்டாமா?

அந்தக் கத்தரித்த செய்தியைக் கிழிக்கவில்லை. பெட்டியில் இருக்கிறது. அதன் மேல் தப்பில்லை.

தங்கை இப்போது திருத்தணியிலேயே, எங்களுக்கு இரண்டு தெரு தள்ளி மகனோடு இருக்கிறாள். 66 வயது. அந்த ஆறு வாரத்தைப் பற்றி நாங்கள் இருவரும் 27 வருஷம் ஒரு வார்த்தை பேசியதில்லை. தீபாவளிக்கு வருவாள், பொங்கலுக்குச் சீர் கொடுப்பேன், டிசம்பர் 31 ராத்திரி படித் திருவிழாவுக்கு ஒன்றாக நின்று வேடிக்கை பார்ப்போம். எல்லாம் உண்டு, அது மட்டும் இல்லை.

போன வருஷம் மழைக்காலத்தில் அவள் பேரனுக்கு, 12 வயதுப் பையன், காய்ச்சலும் வாந்தியும். மகனும் மருமகளும் வேலை விஷயமாக வெளியூர் போயிருந்தார்கள். தங்கை போன் செய்தாள்.

"அண்ணா, புள்ளைக்குக் கண்ணு மஞ்சளா இருக்கு."

எனக்குக் கால் ஆடிவிட்டது. போய்ப் பார்த்தால் திண்ணையோரம் முறத்தில் கழுவி வைத்த கீழாநெல்லி. நான் அதைப் பார்த்ததை அவளும் பார்த்தாள். ஆட்டோ வைத்துக்கொண்டு டாக்டரிடம் போனோம். பையனைப் படுக்க வைத்துப் பார்த்துவிட்டு அந்த டாக்டரும் அதே கேள்வியைத்தான் கேட்டார்.

"எத்தனை நாளாச்சு?"

நான் வாயைத் திறப்பதற்குள் தங்கை சொன்னாள். "காய்ச்சல் வந்து ஆறு நாள் சார். மஞ்சள் தெரிஞ்சது முந்தாநாள். நேத்தும் இன்னிக்கும் காலையில கீழாநெல்லி அரைச்சு மோர்ல குடுத்தேன். காய்ச்சலுக்கு வீட்டுல இருந்த மாத்திரை மூணு குடுத்தேன், இந்தாங்க அட்டை." முந்தானையில் முடிந்து கொண்டுவந்திருந்தாள்.

டாக்டர் திட்டவில்லை. அட்டையை வாங்கிப் பார்த்தார், எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார். "இப்போதைக்கு ரெண்டையும் நிறுத்துங்கம்மா. ரத்தம் பார்த்துட்டுச் சொல்றேன்" என்றார். ரத்தத்தில் ஹெபடைடிஸ் ஏ என்றே வந்தது. பெரிய மருந்து ஒன்றும் இல்லை. ஓய்வு, கொதித்து ஆறின தண்ணீர், பசித்ததைச் சாப்பிடலாம், உப்பை எல்லாம் நிறுத்த வேண்டாம், வாந்தி அதிகமானாலோ பையன் மந்தமாக, குழப்பமாகப் பேசினாலோ உடனே தூக்கி வரவேண்டும். மூன்று வாரத்தில் பையன் பழையபடி கிரிக்கெட் மட்டையைத் தூக்கிவிட்டான். எதிர்வீட்டில் கேட்டால் தங்கை இன்றைக்கும், "ரெண்டு வேளை கீழாநெல்லி குடுத்தேனே, அதுதான் கேட்டுச்சு" என்பாள். நான் மறுத்துப் பேசுவதில்லை.

ரத்த ரிசல்ட் வந்த அன்று சாயங்காலம் அவள் வீட்டில் உட்கார்ந்திருந்தேன். பையன் உள்ளே தூங்கிக்கொண்டிருந்தான். அவள் கஞ்சிக்கு நொய் புடைத்துக்கொண்டே, தலையை நிமிர்த்தாமல் கேட்டாள்.

"அன்னிக்கு மூணு வாரம்னு ஏன்ணா சொன்னே?"

"பயமா இருந்துச்சும்மா. வெட்கமாவும் இருந்துச்சு."

கொஞ்ச நேரம் முறத்தின் சத்தம்தான் கேட்டது.

"எனக்கும்தான்" என்றாள். "நானும் பக்கத்துல நின்னேனே. வாய் இருந்துச்சே எனக்கு. அரைச்சவ நான்தானே."

அதற்கு நான் என்ன பதில் சொல்ல? அவள் எழுந்து அடுப்பைப் பற்ற வைக்கப் போனாள். முறத்தில் இருந்த கீழாநெல்லி வாடிப் போய் ஓரத்தில் கிடந்தது. வரும்போது அதை எடுத்துக்கொண்டு வந்து எங்கள் வீட்டுப் பின்பக்கம் போட்டேன். இப்போது துவைக்கிற கல்லைச் சுற்றி முளைத்திருப்பது அதன் விதையாகக்கூட இருக்கலாம்.